இது உண்மையான இறையழைத்தல்தானா?

கேள்வி: எனக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பங்கில் நடந்த அழைத்தல் முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்றே தோன்றுகிறது. அம்மா அழுகிறார். இது உண்மையான இறையழைத்தலா, வெறும் ஆசையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

நான் பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு கன்னியர் சபையில் கேண்டிடேட்டாக, அதாவது தொடக்கநிலைப் பயிற்சியாளராகச் சேர்ந்தவள். நான்கு ஆண்டுகள் இருந்தேன். முதல் வார்த்தைப்பாட்டுக்கு (துறவற வாக்குறுதி) சில மாதங்களே இருக்கும்போது வீடு திரும்பினேன். இப்போது பள்ளியில் பாடம் எடுக்கிறேன், இரண்டு பிள்ளைகள். மடத்தில் இருந்த நாட்களை ஒரு நாளும் வீண் என்று நினைத்ததில்லை. அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆசை வேறு, அழைத்தல் வேறு என்று பிரிக்க வேண்டாம். கடவுள் அழைப்பதே பெரும்பாலும் ஆசை வழியாகத்தான். அந்த ஆசைக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

எனக்கு அதைத் தோண்டிக் காட்டியவர் எங்கள் பயிற்சிச் சகோதரி. ஒரு சனிக்கிழமை மதியம், சாக்றிஸ்தியில் (கோயிலின் பூசைப்பொருள் அறை) பீடத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தோம். நீளமான துணியின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். மடிப்புக்கு மடிப்பு சேர்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "உங்க வீட்டுல அப்பா குடிக்காம இருந்திருந்தா, நீ இங்க வந்திருப்பியா?" நான் பதில் சொல்லவில்லை. துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தோம். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

எட்டு நாள் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மடத்தில் எனக்குப் பிடித்ததெல்லாம் என்ன என்று எண்ணிப் பார்த்தேன். இரவு யாரும் கத்த மாட்டார்கள். கதவைத் தாழ் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். மணி அடித்தால் சாப்பாடு. செபமும் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் தேடி வந்தது பாதுகாப்பைத்தான் என்று மெதுவாகப் புரிந்தது. அழுதுகொண்டே போய்ச் சொன்னேன், உடனே கிளம்புகிறேன் என்றும் சொன்னேன். அவர் விடவில்லை. "கலங்கியிருக்கும்போது எதையும் முடிவு பண்ணாதே. தவக்காலம் முடியட்டும், உயிர்ப்புப் பெருவிழா வரட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார்.

அது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொன்ன பழைய விதி: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு அமைதியில் எடுத்த முடிவை மாற்றக் கூடாது. அவர் இதைக் கற்றது படுக்கையில். 1521இல் ஸ்பெயினின் பம்பலோனாவில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. வீட்டில் படுத்துக் கிடந்தவர், படிக்க வீரர்களின் காதல் கதைப் புத்தகங்கள் வேண்டும் என்று கேட்டார். கிடைத்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறுகளும்தான். ஒரு சீமாட்டிக்காக வீரச்செயல் புரிவதாகக் கனவு கண்டால் அந்த நேரம் இனிக்கும், முடிந்ததும் மனம் வெறுமையாகிவிடும். புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தால், அந்த நினைப்பு போன பிறகும் மகிழ்ச்சி தங்கியது. நீங்களும் இதைப் பாருங்கள். முகாமில் பாட்டும் நண்பர்களும் இருந்தபோது வந்த உருக்கத்தை விட்டுவிடுங்கள். பரீட்சை வாரத்தில், பேருந்தில் நின்றுகொண்டே போகும்போது, அந்த நினைப்பு வந்தால் உள்ளே என்ன மிஞ்சுகிறது? தினமும் இரவு இரண்டு வரி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் உங்களுக்கே தெரியும்.

எனக்கு, உயிர்ப்பு ஞாயிறு போன பிறகும் வீடு திரும்பும் எண்ணத்தில்தான் அமைதி இருந்தது. அப்பாவின் குடியும் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பயப்படாத பெண்ணாகத் திரும்பினேன். ஊரில் "ஓடி வந்துட்டா" என்றார்கள். அந்தப் பேச்சு என்னைவிட அம்மாவைத்தான் அதிகம் வதைத்தது. இதை நம் பங்குகளில் நாம் கட்டாயம் மாற்ற வேண்டும். திருச்சபையே சோதித்துப் பார்க்கத்தான் இத்தனை படிகள் வைத்திருக்கிறது. 17 வயது நிரம்பாமல், முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய நவகன்னியர் பயிற்சிக்குள் நுழைய முடியாது. அந்தப் பயிற்சி குறைந்தது 12 மாதம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். அதற்குப் பிறகும் தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது மூன்று ஆண்டு. வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வாழ்க்கை நிலையைத் தேர்ந்தெடுப்பதில் எவரும் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 219 சொல்கிறது. உள்ளே தள்ளுவதும் வற்புறுத்தல்தான், தடுத்து வைப்பதும் வற்புறுத்தல்தான்.

நம் ஊட்டியில் தொடங்கிய எஃப்.எம்.எம். (மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்பாளர்) கன்னியர் சபையின் கதையைப் பாருங்கள். அதன் நிறுவனர் அன்னை பாடுகளின் மரியா பிரான்ஸ் நாட்டுப் பெண். 1860இல் ஏழை கிளாரா மடத்தில் சேர்ந்தார், நோய்வாய்ப்பட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. 1864இல் வேறொரு சபையில் சேர்ந்தார், அடுத்த ஆண்டே மதுரை மறைப்பணித் தளத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே எழுந்த பிரச்சினைகளால் 1876இல் அந்தச் சபையையும் விட்டு ஊட்டிக்குப் போனார். 1877 ஜனவரியில் புதிய சபைக்கு ரோமின் அனுமதி கிடைத்தது. இரண்டு இடங்களிலிருந்து வெளியே வந்தவருக்கு 2002இல் திருச்சபை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தது. எங்கள் பங்கில் இப்படித் திரும்பி வரும் பெண்களிடம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் கதை உங்களைத் தவறான பக்கம் திருப்பிவிடும். என்னோடு சேர்ந்த ஒருத்தி, வீட்டில் ஐந்து பெண் பிள்ளைகள் என்பதால் வந்தவள். கல்யாணச் செலவுக்குப் பயந்து அனுப்பினார்கள் என்று அவளே சொல்வாள். ஆனால் உள்ளே வந்த பிறகு அவள் காரணம் மாறியது. விடுதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பாள், காலைச் செபத்துக்கு முதல் ஆளாக நிற்பாள், முகத்தில் சலிப்பே இருக்காது. அவள் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு நான் போயிருந்தேன். புனிதர் மன்றாட்டு மாலை பாடும்போது அவள் பீடத்தின் முன் முகங்குப்புறக் கிடந்தாள். நான் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னுள் பொறாமையோ வருத்தமோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், மனம் நிறைந்துதான் இருந்தது. ஆகவே தொடக்கத்தில் காரணம் கலப்படமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அதை மறைக்காமல் பேச ஒரு ஆன்ம வழிகாட்டியைத் தேடிக்கொள்ளுங்கள். உங்களைச் சேர்க்க விரும்பும் சபையைச் சேராத ஒருவராக இருந்தால் நல்லது.

பட்டப்படிப்பை முடியுங்கள், அவசரமே இல்லை. முகாமுக்கு வந்த சபை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். விடுமுறையில் இரண்டு மூன்று மடங்களில் சில நாள் தங்கிப் பாருங்கள். கோயிலைவிடச் சமையல்கட்டில் அதிக நேரம் இருங்கள். வயதான சகோதரிகளை அங்கே எப்படிக் கவனிக்கிறார்கள், அவர்கள் சிரிக்கிறார்களா என்று பாருங்கள். இயேசு தம் முதல் சீடர்களிடம் "வந்து பாருங்கள்" என்றுதானே சொன்னார்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். என்ன பயம் என்று கேளுங்கள். என் அம்மாவுக்கு இருந்த பயம், எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்பதுதான். அது எனக்கு நான்கு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த முறை மடத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வயதான சகோதரிகளோடு உட்கார்ந்து அவரும் ஒரு காபி குடிக்கட்டும்.