ஏழைகள் பேறுபெற்றோர் என்றால்…

அன்புள்ள ஐயா,

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன், தொழிற்சங்கத்திலும் இருக்கிறேன். ‘ஏழைகள் பேறுபெற்றோர், வறுமையைப் பொறுத்துக்கொண்டால் விண்ணகத்தில் பலன் உண்டு’ என்கிறார் எங்கள் பங்குச் சாமியார். ‘மதம் அபின், முதலில் கோயிலை விட்டு வெளியே வா’ என்கிறார் சங்கத் தோழர். விசுவாசமும் சோசலிசமும் ஒருவனுக்குள் சேர்ந்து இருக்கவே முடியாதா?

ம.

அன்புள்ள ம.,

இருக்க முடியும். அப்படி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், அதற்காகச் செத்தவர்களும் இருக்கிறார்கள்.

சாமியார் லூக்கா நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், ‘ஏழைகள் பேறுபெற்றோர்’ என்ற 20ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார். 24ஆம் வசனத்தில், அதே கூட்டத்தின் முன்னால், செல்வர்களுக்கு ஐயோ கேடு என்கிறார் இயேசு. வறுமையைப் பொறுத்துக்கொள் என்று அந்தப் பகுதியில் எங்கும் இல்லை.

தோழருக்கு மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரைச் சொல்லுங்கள். காபியும் கரும்பும் விளைந்த நல்ல நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையில் இருந்த நாடு அது. அங்கே அகிலாரெஸ் என்ற ஊரில் ருத்திலியோ கிராந்தே என்ற இயேசு சபைக் குரு விவசாயக் கூலிகளோடு உட்கார்ந்து பைபிள் வாசித்தார். வாசித்தவர்களில் பலர் விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்தார்கள், நியாயமான கூலி கேட்டார்கள். 1977 பிப்ரவரியில் அபோப்பாவில் அவர் ஆற்றிய மறையுரை இன்றும் பேசப்படுகிறது. சீக்கிரமே பைபிளின் அட்டை மட்டும்தான் எல்லையைத் தாண்டி உள்ளே வர முடியும், பக்கங்கள் எல்லாம் ஆட்சிக்கு எதிரானவை ஆயிற்றே என்றார். மார்ச் 12 அன்று, திருப்பலிக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கூட வந்த முதியவரையும் ஒரு பையனையும் விடவில்லை.

பேராயர் ஆஸ்கர் ரொமேரோ கிராந்தேயின் நண்பர். பழமைவாதி என்று பணக்காரர்கள் நம்பிய மனிதர். கொலைக்குப் பிறகு, மார்ச் 20 ஞாயிறு அன்று மறைமாவட்டம் முழுக்க மற்ற திருப்பலிகளை நிறுத்திவிட்டு, பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி வைத்தார். பிறகு ஞாயிறுதோறும் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பெயர்களை மறையுரையிலேயே வாசித்தார், வானொலியில் நாடே கேட்டது. 1980 மார்ச் 23 அன்று, கொல்லச் சொல்லும் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று சிப்பாய்களிடம் சொன்னார். மறுநாள் திருப்பலி வைத்துக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டார்கள். அவர் மார்க்சியவாதி இல்லை, ஆயுதக் குழுக்களின் வன்முறையையும் கண்டித்தவர். 2018-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

சரி, சோசலிசத்தோடு முரண்பாடே இல்லையா? இருக்கிறது. பைபிளில் திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரத்தில் முதல் கிறிஸ்தவர்கள் நிலத்தை விற்றுப் பணத்தைப் பொதுவில் வைக்கிறார்கள், தேவைக்கு ஏற்பப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே பேதுரு, நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளித்துவைத்த அனனியாவிடம், விற்கும் முன் நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்று கேட்கிறார். அங்கே யாரும் யாரிடமும் பறிக்கவில்லை. சோசலிசத்தின் பெயரால் பறித்த அரசுகள் கோயில்களையும் பூட்டின, குருக்களைச் சிறையில் தள்ளின. அந்தப் பயம் ரோமில் உள்ள திருச்சபைத் தலைமைக்கு இருந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி, கூலி கேட்பவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. நீங்கள் சங்கத்தையும் விட வேண்டாம், கோயிலையும் விட வேண்டாம்.