ரசல் குழுமம் பற்றிய தங்கள் கேள்விக்கு

வணக்கம். மணலியில் பணிபுரியும் தங்களுக்கு வேதிப் பொறியியல் முதுநிலைப் படிப்பில் பிரிட்டனின் லீட்ஸ், லஃபரோ பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் இடம் கிடைத்திருப்பதாகவும், ரசல் குழுமத்தில் இல்லாத லஃபரோவின் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று தண்டையார்பேட்டை வெளிநாட்டுக் கல்வி முகவர் அடித்துச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

ரசல் குழுமம் தரச்சான்று வழங்கும் அமைப்பு அன்று. ஆராய்ச்சி நிதியிலும் அரசின் கொள்கையிலும் ஒரே குரலில் பேசுவதற்காக, பிரிட்டனின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில 1994-இல் அமைத்துக்கொண்ட கூட்டணி அது; லண்டன் ரசல் ஹோட்டலில் கூடியதால் அந்தப் பெயர். இன்றைய 24 உறுப்பினர்களில் ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகமான செயின்ட் ஆண்ட்ரூஸ்கூட இல்லை. டர்ஹம், எக்ஸிட்டர், யார்க், குயின் மேரி ஆகிய நான்கும் 2012-இல்தான் சேர்ந்தன. அதுவரை அவையும் லஃபரோவும் ஒன்றாக இருந்த '1994 குழு' என்ற வேறொரு கூட்டணி 2013-இல் கலைந்தே போனது. அணி மாறிய அன்றே அந்த நான்கின் ஆய்வகங்கள் மாறிவிட்டனவா என்று முகவரைக் கேளுங்கள். (மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகமே முகவருக்குக் கமிஷன் தருவதும் வழக்கம்தான்.)

முனைவர் பட்டம் நோக்கமென்றால் கணக்கு வேறு: ஆராய்ச்சி நிதியின் பெரும்பகுதி அந்தக் குழுமத்துக்கே போகிறது. வேலைக்காகப் படிக்கும் தாங்கள், பிரிட்டனின் வேதிப் பொறியாளர்களுக்கான தொழில்முறை அமைப்பான IChemE-யின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு உண்டா, ஆய்வுத் திட்டம் ஆலைப் பாதுகாப்பில் அமையுமா, கட்டணத்தோடு வாடகையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்பவற்றை இரு துறைகளுக்கும் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி அறிந்துகொண்டு, அதன்பின் முன்பணம் கட்டுங்கள்.