தினம் ஒரு மருத்துவர் வருகிறார் என்றால், பொறுப்பு யாருடையது?

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் ஐந்து நாட்களாக இருக்கும் தங்கள் தந்தையை நாளுக்கொரு மருத்துவர் பார்ப்பதாகவும், யாரைக் கேட்பதென்றே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பொறுப்பானவர் ஒருவர் நிச்சயம் இருக்கிறார்.

இத்தகைய மருத்துவமனைகளில் பெரிய துறைகள் பல யூனிட்டுகளாக, அதாவது மருத்துவர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாள் அட்மிஷன் நாளாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகவே, தந்தை சேர்க்கப்பட்ட நாளில் எந்த யூனிட் பணியில் இருந்ததோ, அதன் தலைவரே பொதுவாக அவர் வீடு திரும்பும் வரை சிகிச்சைக்குப் பொறுப்பு. நீங்கள் காணும் பலரும் அவருக்குக் கீழுள்ள உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களாகவே இருப்பார்கள். யூனிட் எதுவென்று கேஸ் ஷீட் எனும் சிகிச்சைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொண்டு, யூனிட் தலைவர் காலையில் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தைக் கேட்டறிந்து, அவர் படுக்கையருகே வரும்போது கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துக் கேளுங்கள். என் தாயார் நோயுற்றிருந்தபோது எனக்கு உதவியது அந்தத் தாள்தான்.

செவிலியரிடம் கோபப்பட வேண்டாம். சிகிச்சையை முடிவு செய்பவர் அவரல்லர். அவருடைய பணியை மேற்பார்ப்பவர் செவிலியர் கண்காணிப்பாளர். வார்டு வசதி, சான்றிதழ் போன்ற நிர்வாகக் குறைகளுக்கு ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரையும், அங்கும் தீராவிட்டால் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பிலுள்ள டீனையும் எழுத்துமூலம் அணுகலாம்.