ஹிரோஷிமாவில் எப்படிக் குடியிருக்கிறார்கள்? – கடிதம்

வணக்கம்.

அணு உலை வெடித்த செர்னோபிலைச் சுற்றி இன்னும் ஆளில்லாத வட்டம் இருக்கிறது. குண்டே விழுந்த ஹிரோஷிமாவிலோ ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் பேர் வாழ்கிறார்கள். அப்படியானால் அணுகுண்டின் கதிர்வீச்சு பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் மிகையா? பெரும்பாலோர் எரிந்துதானே இறந்தார்கள்? அது சாதாரணக் குண்டுவீச்சிலும் நடப்பதுதானே?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

மண்ணையும் மனிதரையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

ஹிரோஷிமா குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ. அதில் பிளவுண்டது ஒரு கிலோவுக்கும் குறைவு. செர்னோபில் உலையில் இருந்ததோ 190 டன் அளவுக்கு எரிபொருள். மாதக்கணக்கில் எரிந்து, நெடுங்காலம் கதிர்வீசும் சீசியம்-137 சேர்ந்துபோயிருந்த எரிபொருள் அது. அடுத்தது உயரம். குண்டு ஏறத்தாழ 600 மீட்டர் மேலே வெடித்ததால் தீக்கோளம் தரையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் மண்ணை வாரி மேலே கொண்டுபோய்க் கதிரியக்கச் சாம்பலாக ஊர்மேலேயே கொட்டியிருக்கும். 1954இல் பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைத் தரைமட்டத்தில் வெடித்தபோது நடந்தது அதுதான். தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேர்மீதும் அந்தச் சாம்பல் விழுந்தது. ஹிரோஷிமாவில் உயரத்தைத் தேர்ந்ததில் கருணை ஏதும் இல்லை. அதிர்வலை அதிகப் பரப்பை இடிக்க வேண்டும், அவ்வளவே. குண்டின் நியூட்ரான் பட்டு மண்ணில் உண்டான கதிரியக்கப் பொருள்களில் முக்கியமானவை மாங்கனீசு-56, சோடியம்-24. முதலாவதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், இரண்டரை மணி நேரம், அடுத்தது 15 மணி நேரம். மூன்றாம் நாளே ஒரு தடத்தில் டிராம் ஓடியது.

உடம்புக்கு இந்தச் சலுகை கிடையாது. காமா கதிரும் நியூட்ரானும் பாய்ந்து முடிய ஒரு நிமிடம் போதும்; சாவு வரத்தான் நாளாகும். ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை அழிந்த பின்னும் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் சில நாள் ஓடும். அதனால் கீறல்கூட இல்லாமல் தப்பியவர், இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவாரும்போது முடி கொத்தாக வருவதைப் பார்த்தார். பிறகு காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் ஊதாப் புள்ளிகள். தட்டணு இல்லாததால் ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் நிற்காது. வெள்ளணு இல்லாததால் சின்னப் புண்ணும் சீழ் வைக்கும். கவனிக்கவும் ஆளில்லை: நகரத்தின் மருத்துவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தோ காயம்பட்டோ கிடந்தார்கள். 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000.

தீயும் இடிபாடும்தான் அதிகம் பேரைக் கொன்றன என்று நீங்கள் சொல்வது சரி. 1945 மார்ச்சில் டோக்கியோமீது விழுந்த தீக்குண்டுகளும் ஒரே இரவில் ஒரு லட்சம் பேர்வரை கொன்றன. ஆனால் அங்கே பிழைத்த குழந்தைக்கு ஆறேழு வருடம் கழித்து, அந்த இரவின் காரணமாக, ரத்தப் புற்றுநோய் வரவில்லை. ஹிரோஷிமாவில் வந்தது. மற்ற புற்றுநோய்கள் அதற்கும் பிறகு வந்தன.

வெடித்தபோது ஊரிலேயே இல்லாதவர்களும் இதில் உண்டு. சொந்தக்காரர்களைத் தேடி இரண்டு வாரத்துக்குள் மையத்தின் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்தவர்களையும் ஜப்பானியச் சட்டம் பாதிக்கப்பட்டவர்களாகவே கொள்கிறது. வெடிப்புக்குப் பின் கதிரியக்கக் கரியோடு பெய்த கறுப்பு மழையில் நனைந்தவர்கள் பாடுதான் மோசமாக இருந்தது. அரசு வரைபடத்தில் போட்ட கோட்டுக்கு வெளியே வீடு என்றால் உதவி கிடைக்காமல் இருந்தது. அப்படி விடுபட்ட 84 பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் சொன்னது 2021 ஜூலையில்.