தரை இறங்குகிறதா என்பதை ஓராண்டில் அளந்து சொல்ல முடியுமா?

கேள்வி: தெலுக் இந்தான் அருகே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். சுற்றிலும் செம்பனை, அடியில் கம்புட் மண். பள்ளியின் வாசற்படிக்குக் கீழே தரை ஒரு முழம் இறங்கிவிட்டது. மாணவர்களைக் கொண்டு இதை ஓராண்டு அளந்து ஓர் அறிவியல் போட்டிக்கு அனுப்ப விரும்புகிறோம். இங்கிலாந்தின் மலைச் சதுப்பு ஒன்றில் எழுபது ஆண்டுகளாக அளக்கிறார்களாம். அவ்வளவு காலம் எதற்கு? நாங்கள் எதை, எப்படி அளப்பது?

பதில்: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஓராண்டு போதாது. காரணத்தை உங்கள் மண்ணைக் கொண்டே சொல்லிவிடலாம். கம்புட் என்பது நீரில் ஊறி, முழுதும் மட்காமல் தங்கிய மரமும் வேரும் இலையும். கான் வெட்டி நீரை வடித்ததும் காற்று உள்ளே புகுகிறது, நுண்ணுயிர்கள் அந்த மிச்சத்தை உண்கின்றன, மண் கரியமில வாயுவாக மாறிக் கரைகிறது. மேற்கு ஜொகூரில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீர் வடித்து 28 ஆண்டுகள் கடந்த பின்னும் தரை ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இதே மண் மழையில் உப்பி வறட்சியில் சுருங்கும். அந்த ஏற்ற இறக்கமே சில சென்டிமீட்டர் வரை வரக்கூடும். ஈரமான மாதத்தில் தொடங்கி வறண்ட மாதத்தில் முடித்தால் பெரிய இறக்கம் தெரியும். மாற்றிச் செய்தால் தரை ஏறியதாகவே தெரியும். இரண்டுமே உண்மையாகாது.

நீங்கள் குறிப்பிடும் இடம் வட பென்னைன் மலைகளில் உள்ள மூர் ஹவுஸ் என்று நினைக்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 2000 மி.மீ. மழை பெய்யும் குளிர்ந்த மேட்டு நிலம் அது. நம் காட்டு மரங்களுக்குப் பதிலாக அங்கே ஸ்பாக்னம் பாசியும் பஞ்சுப்புல்லும் மட்காமல் படிந்து மண்ணாகியிருக்கின்றன. 1930களில் கோர்டன் மேன்லி என்ற வானிலை அறிஞர் அங்கே வெப்பத்தைப் பதியத் தொடங்கினார். 1952இல் அது தேசிய இயற்கைக் காப்பகமாயிற்று. 1954 முதல் அதன் ஒரு மேட்டில் சில பாத்திகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் சிலவற்றை இருபதாண்டுக்கு ஒருமுறையும் எரித்து, மற்றவற்றை எரிக்காமலே விட்டு ஒப்பிட்டு வருகிறார்கள். இருபதாண்டுக்கு ஒருமுறை எரிக்கும் பாத்தியில் இரண்டு சுற்று முடியவே நாற்பது ஆண்டுகள் ஆகும். எரிப்பது சதுப்பை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அதற்குக் குறைவான காலத்தில் விடை கிடையாது.

நீண்ட பதிவின் அருமை புரிய, ஓடை நீரின் கதையைச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் மேட்டுநில ஓடைகளில் நீர் ஆண்டுக்கு ஆண்டு தேநீர்போல் பழுப்பேறி வந்தது. மண்ணின் கரிமம் கரைந்து வருவதே அதற்குக் காரணம். புவி வெப்பமாதலால் சதுப்பு சிதைகிறது என்று பலரும் அஞ்சினர். வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் 522 ஏரி, ஓடைகளின் பல்லாண்டுப் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தபோது முக்கியக் காரணம் வேறு என்று தெரிந்தது. ஆலைப் புகையால் பெய்த கந்தக அமில மழை குறைந்துவிட்டிருந்தது. அமிலம் கட்டிவைத்திருந்த கரிமம் மீண்டும் நீரில் கரையத் தொடங்கியிருந்தது. மூன்றாண்டுப் பதிவு மட்டும் கையில் இருந்திருந்தால் தவறான விடையையே உறுதியாக நம்பியிருப்பார்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

மூர் ஹவுஸிலும் குறை உண்டு. 1980களில் வானிலைப் பதிவு அறுந்து, 1991இல் தானியங்கிக் கருவி வந்த பிறகே தொடர்ந்தது. பழைய பதிவையும் புதியதையும் ஒட்டவைக்கப் பின்னாளில் ஆய்வாளர்கள் பெரிதும் உழைக்க நேர்ந்தது. 1992 முதல் பிரிட்டனின் சூழல் மாற்றக் கண்காணிப்பு வலையமைப்பில் ஓர் இடமாக, எழுதிவைத்த ஒரே முறைப்படி அங்கே அளக்கிறார்கள்.

உங்களுக்கு மூன்று அளவைகள் போதும். முதலாவது தரைமட்டம். துருப்பிடிக்காத இரும்புக் குழாய் ஒன்றை கம்புட் அடுக்கைத் தாண்டி அடியிலுள்ள களிமண்ணில் நன்கு ஊன்றும்வரை இறக்குங்கள். கம்புட்டிலேயே நின்றுவிட்டால் தரையோடு குழாயும் இறங்கி, அளவு பொய்யாகிவிடும். இங்கிலாந்தின் தாழ்நிலத்தில் ஹோம் என்ற ஊரில் 1850களின் தொடக்கத்தில் தரையோடு தரையாக நட்ட இரும்புத் தூண் இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. நூற்றெழுபது ஆண்டு வரலாற்றைச் சொல்ல அந்த ஒரு தூண் போதுமானதாக இருக்கிறது. குழாயின் உச்சியிலிருந்து தரை வரை நான்கு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். மாணவர்கள் நிற்க அருகே பலகை போடுங்கள், ஏனெனில் கால் மிதித்தாலே இந்த மண் அமுங்கும்.

இரண்டாவது நிலத்தடி நீர்மட்டம். துளையிட்ட பிவிசி குழாயைத் துணி சுற்றி மண்ணில் இறக்கி மூடி போடுங்கள். கானுக்கு அருகே ஒன்று, இரண்டு கான்களுக்கு நடுவே ஒன்று. மூன்று அளவைகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நீர்மட்டத்தையே தேர்ந்தெடுங்கள். பிரிட்டன், அயர்லாந்து சதுப்புகளின் அளவைகளைக் கொண்டு கிறிஸ் எவன்ஸ் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாயு வெளியேற்றத்தை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது நீர்மட்டமே என்று காட்டியது. கம்புட்டில் உள்ள செம்பனைத் தோட்டங்களுக்கு, சூழலைக் கெடுக்காத செம்பனை எண்ணெய்க்குச் சான்றளிக்கும் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற உலக அமைப்பு வகுத்த நடைமுறையும் நிலத்தடி நீரைச் சராசரியாக 50 செ.மீ. ஆழத்தில் வைக்கச் சொல்கிறது. உங்கள் எண்களைத் தோட்ட நிர்வாகத்திடம் காட்டிப் பேச அது உதவும். மூன்றாவது மழை, சாதாரண மழைமானி போதும்.

நீரையும் தரையையும் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் அளந்து, மழையை மட்டும் தினமும் குறியுங்கள். போட்டிக்கு முதலாண்டுப் பதிவை அனுப்புங்கள், ஆனால் ஆண்டுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று முடிவு எழுதாமல், மழையோடு தரை எப்படி உயர்ந்து தாழ்ந்தது என்பதை எழுதுங்கள். அது ஓராண்டில் நேர்மையாகச் சொல்லக்கூடியது. இறக்கத்தைச் சொல்லக் குறைந்தது ஐந்தாண்டு வேண்டும், அப்போதும் ஒவ்வோர் ஆண்டின் அதே மாதங்களையே ஒப்பிட வேண்டும்.

குழாய் உடைந்தது, கான் தூர்வாரியது, அளப்பவர் மாறியது ஆகிய ஒவ்வொன்றையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு நகல் பள்ளி அலுவலகத்தில் இருக்கட்டும். உங்களுக்கு மாற்றல் வந்தால், புதிய ஆசிரியரோடு மூன்று மாதங்களாவது சேர்ந்து நின்று அளந்து, இருவர் எண்களையும் ஒரே பக்கத்தில் பதித்த பிறகு குறிப்பேட்டை அவர் கையில் கொடுங்கள்.