அமோகத் தோல்வி

கேள்வி: 'அமோக வெற்றி', 'அமோக விளைச்சல்', 'அமோக விற்பனை' என்கிறார்களே, அமோகம் தமிழ்ச்சொல்லா? மோகத்துக்கும் அதற்கும் உறவு உண்டா?

பதில்: வடசொல். குடியேறி வெகுகாலமாகிவிட்டது, இனிக் கிளப்ப முடியாது. அதை விடுங்கள். மோகம் என்றீர்களே, அங்கேதான் வேடிக்கை.

வடமொழியில் மோகம் இரண்டு. ஒன்று மயக்கம், இன்னொன்றுக்குப் பொருள் 'வீண்'. உச்சரிப்பு வேறு, நம் எழுத்திலோ இரண்டுக்கும் ஒரே 'க'தான். வீண்போகாதது அமோகம். குறி தப்பாத அம்பை அப்படிச் சொல்வார்கள். அந்தப் பொருள் மெல்ல நழுவி, ஏராளம், செழிப்பு என்று தமிழில் நிலைத்துவிட்டது.

மயக்கமாகிய மோகத்தின் முன் 'அ' சேர்த்தாலும் அதே அமோகம்தான் வருகிறது. பௌத்தர்கள் நல்வினையின் வேர்கள் என்று சொல்லும் மூன்றில் இந்த அமோகமும் ஒன்று. ஆகவே, மணமக்களை 'அமோகமாக வாழ்க' என்று எழுதி வாழ்த்துகிறவர், 'ஒருவர்மேல் ஒருவர் மயக்கமே இல்லாமல் இருங்கள்' என்றும் சொல்லிவைக்கிறார். எனக்குத் தெரிந்த சில வீடுகளில் வாழ்த்து இந்தப் பொருளில்தான் பலித்திருக்கிறது.

ராஷ்டிரகூட அரசர் முதலாம் அமோகவர்ஷர் 9-ஆம் நூற்றாண்டில் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். பெயருக்குப் பொருள், பொய்க்காத மழை. முதுமையில் அரசைத் துறந்தார் என்பார்கள். இரண்டு அமோகத்தையும் ஒரே ஆயுளில் பார்த்துவிட்ட மனிதர்!

முன்பு நான் வேலை பார்த்த பத்திரிகையில் பிழைதிருத்த ஒரு தனித்தமிழ் அன்பர் இருந்தார். என் 'அமோக வெற்றி'களையெல்லாம் 'மாபெரும் வெற்றி' ஆக்கிவிடுவார். 'மா'வும் பெரிது, 'பெரு'வும் பெரிது, எதற்கு ஐயா இரண்டு என்று மல்லுக்கு நிற்பேன். செழிப்புக்கு அசல் தமிழ் வேண்டுமென்றால் 'ஆக்கம்' இருக்கிறதே, வள்ளுவரே ஆண்ட சொல்லாயிற்றே என்றேன். "ஆக்கம் என்றால் கட்டுரை" என்று வாயை அடைத்துவிட்டார். இன்றைய வழக்கில் அவர் சொன்னதும் சரிதான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அதே அன்பர் ஒரு தேர்தலின்போது 'அமோகத் தோல்வி' என்ற தலைப்பில் மட்டும் கைவைக்கவில்லை. வீண்போகாத தோல்வியா என்று நான் கொதித்தேன். செய்தியைப் படித்த பிறகு அடங்கிவிட்டேன். அந்த வேட்பாளர் நின்ற நான்கு முறையும் தப்பாமல் தோற்றவர்.