ஐந்து நாள் ஊருக்குப் போகும்போது பூனையை எங்கே விடுவது?

பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போவதாகவும், பூனையை போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு பிராணிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) விடுவதா, காசு கொடுத்து வீட்டுக்கே ஆள் வரச் சொல்வதா, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மூன்றாவதைச் செய்து பட்டவன்.

சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து மதுரை போனோம். எங்களுடையது ஐந்து வயது ஆண் பூனை, பெயர் செவலை. எதிர் வீட்டு அக்காவிடம் சாவி. வேளை தவறாமல் வந்து சாப்பாடு வைத்தார், தண்ணீர் மாற்றினார். இரண்டாம் நாள் சாயங்காலம் போன் செய்தார். "தம்பி, செவலை சாப்பிடவே இல்ல. வெடிச் சத்தத்துக்குப் பயந்திருக்கும்போல. கக்கூஸ் போற மண் தட்டுல போய்ப் போய் உக்காருது, மலச்சிக்கலா இருக்குமோ?" நானும் வெடி மேல் பழியைப் போட்டுவிட்டு அதிரசம் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்ததை அக்காதான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார். மூத்திரப் பாதை அடைத்திருந்தது. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும், இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். டியூப் போட்டு எடுத்தார்கள். பிழைத்தது.

அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை. சாப்பாட்டைப் பற்றி அரை மணி நேரம் சொன்ன நான், மண் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போர்டிங் பற்றிச் சுருக்கமாக. பூனைக்கு இடம் மாறினாலே பாதி நோய். அதிலும் பக்கத்துக் கூண்டில் நாய் குரைத்தால் சாப்பாட்டைத் தொடாது. வேறு வழியே இல்லை என்றால் விடுங்கள், ஆனால் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற இடமென்றால் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் பூனையிடம் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டுப் பூனையிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே வீட்டுக்கு ஆள் வருவதுதான் என் ஓட்டு. இப்போது எங்களுக்கு வருகிற பெண் முதல் நாள் வந்தபோது செவலையைக் கொஞ்சவே இல்லை. நேராக பாத்ரூம் ஓரம் போய்க் குத்துக்காலிட்டு, மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை வரும் சார்?" என்று கேட்டார். (கட்டியாகும் மண்ணில் ஒவ்வொரு முறை மூத்திரமும் ஓர் உருண்டை.) எனக்கே தெரியவில்லை. மூன்று நாள் எண்ணிப் பார்த்துத்தான் சொன்னேன். ஊருக்குப் போனால் தினமும் வாட்ஸ்அப்பில் பூனை படத்தோடு உருண்டை படமும் வரும். என் மனைவி அந்தக் குரூப்பிலிருந்து விலகிவிட்டாள்.

தினமும் இரண்டு முறை வரச் சொல்லுங்கள். தட்டு காலியாவதை மட்டும் நம்பாமல், கட்டிலுக்கு அடியில் குனிந்தாவது ஒவ்வொரு முறையும் பூனையைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன். பூனை, அதிலும் குண்டுப் பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலே கொழுப்பு கல்லீரலில் போய் அடையும். உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் போன்கூட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். அதற்குப் பூனையைத் தூக்கிப்போகும் கூடை பரணில் இருந்தால் ஆகாது, ஹாலில் திறந்து இருக்க வேண்டும். செலவை நான் ஏற்கிறேன் என்று டாக்டரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: பாராசிட்டமால் கூடாது, நாய்க்குப் போடும் உண்ணி மருந்து கூடாது. உடம்பு சூடாக இருக்கிறதே என்று பாவப்பட்டுக் கொடுக்கும் அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

இந்த வாரமே ஒருவரைப் பிடித்து ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லிப் பாருங்கள். அவர் வருகிறார் என்று மண் தட்டைச் சுத்தம் செய்து வைத்துவிடாதீர்கள்.